ஆண்டறிக்கை 2024–25: செவலைக்கு வீடு கிடைத்த வகையும் சில கணக்குகளும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான விலங்கு நலச் சங்கம் நம்முடையது. தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவில் வைத்துவிட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்கிறோம். அந்தக் கட்டோடு சேர்ந்து போகும் காகிதம் என்பதால் செயலாளர் அறிக்கையில் நல்ல சேதி மட்டுமே இருப்பது வழக்கம். போன மூன்று ஆண்டுகளும் நானும் அப்படித்தான் எழுதினேன். இந்த ஆண்டு என் தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டியிருக்கிறது. அதை எழுதாமல் வரப்போகும் தீர்மானத்தை உங்களிடம் கேட்க எனக்கு வாய் வராது.

முதலில் வழக்கமானவற்றை முடித்துவிடுகிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. ஒரு முறை கோரம் இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். தெருநாய்க் கருத்தடைப் பணி 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி நடந்தது. பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும் என்ற விதியைப் பற்றி ஒவ்வொரு தெருவிலும் ஒருவருக்காவது விளக்க வேண்டியிருந்தது. "புடிச்சிட்டுப் போனீங்களே, மறுபடி ஏனுங்க கொண்டாந்து விடறீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே நம் வண்டி ஓட்டுநர் அரை கால்நடை மருத்துவர் ஆகிவிட்டார். இடம் காலியானால் வெளியிலிருந்து கருத்தடை ஆகாத நாய் வந்து அமரும் என்று அவர் சொல்வதைப் போல என்னால் சொல்ல முடியாது. சென்னையில் புளூ கிராஸ் 1964-இலேயே தொடங்கிய வேலை இது. அறுபது ஆண்டு கழித்தும் அதே கேள்விதான், அதே பதில்தான்.

காப்பகத்தின் வடக்குச் சுவர் ஐப்பசி மழையில் சாய்ந்தது, தை மாதம் கட்டி முடித்தோம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட்டோம். பொருளாளர் தனியே வாசிக்கும் கணக்கில் இவை இருக்கின்றன.

இனி கிழ நாய்களுக்கு வருகிறேன்.

நம் காப்பகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் குட்டிகள் இருக்கும் முன்வரிசைக்கே போகிறார்கள். பின்வரிசையில் இருக்கும் ஏழு, எட்டு வயதுக்கு மேற்பட்டவை எழுந்து வந்து கம்பியில் மூக்கை வைக்கும். பாவம் என்பார்கள், பிஸ்கட் போடுவார்கள், குட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பைரவருக்கு நேர்ந்துகொண்டு தேய்பிறை அஷ்டமி அன்று தயிர்சாதத்தோடு வருகிறவர்களும் கறுப்பு நாய் எது என்று கேட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குறை சொல்லவில்லை, சாதம் நல்ல சாதம்.

செவலை வந்தது 2024 நவம்பர் 1, தீபாவளிக்கு மறுநாள் காலை. கேட்டில் பச்சை நைலான் கயிற்றில் கட்டியிருந்தது. பட்டாசுக்கு மிரண்டு ஓடிவந்த நாய் என்றுதான் முதலில் நினைத்தோம். கயிற்றில் இரண்டு முடிச்சு இருந்தது. ஓடிவந்த நாய் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளாது. பக்கத்தில் அதன் அலுமினியத் தட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வளர்த்தவர்கள்தான். பெண் நாட்டு நாய். கருத்தடை ஆகியிருந்தது. முகவாய் முழுக்க நரை.

மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். நாய்க்கு ஆறு, ஏழு மாதத்துக்குள் நிலைப்பற்கள் எல்லாம் முளைத்துவிடும். அதற்குப் பிறகு பல் தேய்மானத்தையும் காறையையும் வைத்து உத்தேசமாகத்தான் வயது சொல்லமுடியும். செவலையின் முன்பற்கள் ஈறு வரை மழுங்கியிருந்தன. "பத்துக்குக் குறையாது" என்றார். கண்ணில் நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்துப் புரை என்று பயந்தோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வயதானால் விழிலென்ஸ் இறுகி இப்படித் தெரியும், பார்வை பெரிதாகக் கெடாது, புரை வேறு என்றார். பின்னங்கால் மூட்டுகளில் தேய்மானம் இருந்தது. ரத்தம் எடுத்து சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதிக் கொடுத்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நொண்டும் நாய்க்கு வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் நம் உறுப்பினர்களிடையே இன்னும் இருக்கிறது. புரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் தின்றுவிடும். தயவுசெய்து வேண்டாம்.

இனி என் தவறு. கூண்டுப் பலகையில் "செவலை, பெண், சுமார் 6 வயது, சாதுவானவள்" என்று எழுதியவன் நான்தான். மருத்துவர் சொன்னது எனக்குத் தெரியும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்களே, நான் சொன்னது ஒன்றுதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாரம் இரண்டு முறை குருணை மூட்டை கொண்டுவந்து இறக்கும் பெரியவர், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, அந்தப் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஆறா? எம் பேத்திக்கு ஆறுங்க தம்பி." நானும் சிரித்து மழுப்பினேன்.

பொய் வேலை செய்தது. டிசம்பரில் ஒரு குடும்பம் வந்து செவலையை அழைத்துப் போனது. நல்ல மனிதர்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, வீடு முழுக்க வழவழவென்று டைல்ஸ். பதினோராவது நாள் அவர்கள் கார் கேட்டில் நின்றது. செவலை படி ஏறவில்லை, டைல்ஸில் நாலு காலும் நாலு திசையில் போய் விழுந்தது, இரவில் அடக்க முடியாமல் ஹாலிலேயே ஒன்றுக்குப் போனது. வெளியே ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் வயதைச் சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. "வயசச் சொல்லியிருந்தீங்கன்னா மொதல்லயே யோசிச்சிருப்போமே சார். இப்ப கொண்டாந்து விட்ட பாவம் எங்க தலைலல்ல விழுது." பிள்ளைகள் இருவரும் காரை விட்டு இறங்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

செவலை அதன் பிறகு மூன்று நாள் சாப்பிடவில்லை. புது இடத்துக்குப் போகும் நாய்க்கு மிரட்சி தெளிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பழக மூன்று வாரம், தன் வீடு என்று தோன்ற மூன்று மாதம் என்று இந்த வேலையில் இருப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். செவலை மிரட்சி தெளிந்து ஒழுங்கு பழகும் நேரத்தில் திரும்பிவந்தது. கிழ நாய்க்கு அந்தக் கணக்கை இரண்டாம் முறை தொடங்க எத்தனை தெம்பு வேண்டும்?

பலகையை அழித்தேன். புதிதாக எழுதியதை அப்படியே தருகிறேன்: "வயது 10 அல்லது 11. மூட்டுவலி, தினம் மாத்திரை. படி ஏறாது. ராத்திரி ஒரு தடவை வெளியே விடவேண்டும். டைல்ஸ் ஆகாது. எஞ்சிய காலம் எவ்வளவு என்று சொல்லமுடியாது." உப தலைவர் பார்த்துவிட்டு, "யாரும் எடுக்கக்கூடாதுன்னே எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

பொங்கல் முடிந்த வாரம் பெரியவர் மூட்டைகளை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். மூட்டு நோகாமல் படுக்க எதையாவது தேடிக்கொண்டிருந்த செவலை, போய்க் குருணை மூட்டைமேல் ஏறிப் படுத்தது. அதாவது முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கிவிடச் சொல்லி அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் தூக்கிவிட்டார். அடுத்த முறை வந்தபோது பலகையைப் படித்தார். "இப்பத்தானுங்க சரியா எழுதியிருக்கு" என்றார். பிறகு பத்து நிமிடம் என்னைக் கேள்வி கேட்டார். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, மாதம் எவ்வளவு ஆகும், கோழியைத் துரத்துமா, நாங்கள் ஊருக்குப் போனால் யார் பார்ப்பது. நம் விண்ணப்பப் படிவத்தில் இருப்பதைவிட நல்ல கேள்விகள்.

வீடு பார்க்க நானும் பொருளாளரும் போனோம். தொண்டாமுத்தூர் பக்கம், ஓட்டு வீடு, வாசலில் ஒரே ஒரு படி, காவி பூசிய சொரசொரப்பான சிமெண்டுத் தரை. தரையைப் பார்த்ததுமே எனக்குப் பாதி முடிவாகிவிட்டது. மீதிப் பாதி அந்த வீட்டம்மாவிடம் இருந்தது. அவர் காப்பி கொடுத்துவிட்டு நேராகச் சொன்னார்: "எனக்கு நாயி புடிக்காதுன்னு இல்லீங்க. இருந்தது போயி ரெண்டு வருசந்தான் ஆச்சு. இத்தன வயசுல மறுபடி ஒண்ண வளத்தி, அதயும் மண்ணுல வெச்சுட்டு வரோணுமா?" பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தெரிந்த எந்தப் பதிலும் அங்கே செல்லாது என்று தோன்றியதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. பொருளாளர்தான் சொன்னார்: "அங்க இருந்தா நாங்கதானுங்க வெக்கோணும். பதினஞ்சு நாளு பாருங்க. ஆகாதுன்னா நானே வந்து கூட்டிக்கறேன், ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

பதினைந்து நாள் என்ற பேச்சில் பிப்ரவரி முதல் வாரம் செவலை போனது. படுத்துப் பழகிய கோணிச் சாக்கையும் அதன் அலுமினியத் தட்டையும் கூடவே அனுப்பினோம். பதினாறாவது நாள் பொருளாளர் தொலைபேசியில் கேட்டபோது அந்த அம்மா எடுத்தார். "எதுக்குங்க வரோணும்? நீங்க ஒண்ணும் வரவேண்டாம்" என்றார். தத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். போன மாதம் நான் போனபோது செவலை எழுந்துகூட வரவில்லை. அடுப்படி வாசலில் சாக்குமேல் படுத்தபடியே வாலை இரண்டு தட்டுத் தட்டியது. எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

செவலை தவிர இந்த ஆண்டு பின்வரிசையிலிருந்து இன்னும் இரண்டு நாய்கள் வீடு போயின. இரண்டும் உண்மை எழுதிய பலகைக்குப் பிறகு போனவை. குட்டிகளின் எண்ணிக்கை அட்டவணையில் இருக்கிறது.

இன்னொன்றும் பதிவாக வேண்டும். மார்ச் மாதம் ஒரு காலை பின்வரிசையில் கருப்பன் எழுந்திருக்க முடியாமல் சுழன்று விழுந்தான். தலை ஒருபக்கம் சாய்ந்து, கண்மணி இரண்டும் இடவலமாக ஓடிக்கொண்டிருந்தன. பக்கவாதம், வேதனைப்பட விடாமல் ஊசி போட்டுவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. பேசியவர்களில் நானும் ஒருவன். மருத்துவர் வந்து பார்த்து, வயதான நாய்க்கு உள்காதுச் சமநிலை திடீரென்று தவறுவது உண்டு, பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் தானே சரியாகும், பொறுங்கள் என்றார். கையில் ஊட்டினோம். இரண்டே வாரத்தில் எழுந்து நடந்தான். தலைச் சாய்வு மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது. எதையோ கேட்டுக்கொண்டே இருப்பவன் மாதிரி தெரிகிறான்.

நீதிமன்றச் சேதி குறித்துப் பலர் கேட்டீர்கள். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே பகுதியில் விடலாம், வெறிநோய் கண்டவையும் ஆக்ரோஷமானவையும் மட்டும் விலக்கு என்றது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. ஆகவே நம் தத்துப் பத்திரத்தில் இனி அந்தப் பொறுப்பும் வெளிப்படையாக இருக்கவேண்டும். அதற்கு முன்னால் நாம் மறைக்காமல் இருக்கவேண்டும்.

பொதுக்குழு முன் வைக்கும் தீர்மானம் இரண்டு பகுதி. ஒன்று, ஏழு வயதுக்கு மேற்பட்ட நாயின் படிவத்தில் குறைகள்தான் முதலில் வரவேண்டும், மருத்துவர் கையெழுத்தோடு. இரண்டு, வீடு போன கிழ நாயின் மருந்துச் செலவு அதன் ஆயுள் வரை சங்கத்துடையது. "வீட்டுக்குப் போனதுக்கு நாம ஏன் செலவு பண்ணணும்?" என்று செயற்குழுவில் ஆட்சேபம் வந்தது, நியாயமான கேள்வி. இங்கே இருந்தாலும் மருந்து நாம்தான் வாங்கப்போகிறோம். சாப்பாடும் கூண்டும் மிச்சம். வயதான நாயை எடுக்கத் தயங்குவோர் பெரும்பாலும் பயப்படுவது மருத்துவச் செலவுக்குத்தான்.

பெரியவர் இன்னும் வாரம் இரண்டு முறை குருணை இறக்குகிறார். கூலியில் பைசா குறைக்கவில்லை என்பதையும் கணக்குக்காகச் சொல்லிவிடுகிறேன்.

புதிய படிவத்தின் வரைவு இந்த அறிக்கையின் பின்பக்கம் இருக்கிறது. மாதிரிக்கு ஒன்றை நிரப்பியிருக்கிறேன்.

"பெயர்: கருப்பன். குறைகள்: வயது ஒன்பதுக்குக் குறையாது. தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும், சரியாகாது. விடியற்காலை இரண்டு மணிக்குக் காரணமில்லாமல் குரைப்பான், பக்கத்தில் ஆள் தெரிந்தால் நிறுத்துவான். இடி, பட்டாசு ஆகாது. மற்ற ஆண் நாய்களோடு ஒத்துப்போகமாட்டான். மற்றவை: தயிர்சாதம் பிடிக்கும்."

அறிக்கையையும் தீர்மானத்தையும் ஏற்று ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

செயலாளர்