22 என்று மட்டும் எழுதியிருந்தது

தலவாக்கலை
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே கைக்கு வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் எடுத்ததற்குக் கோபப்படாதே. இங்கே ஒரு வாரமாக விடாத மழை. மேல் கொத்மலை அணைக்கட்டுப் பக்கம் பார்த்தால் தண்ணீர் எது, மூட்டம் எது என்று தெரியவில்லை. உங்கள் பண்டாரவளையில் இந்த மாதங்களில் மழை குறைவு, காற்றுத்தான் ஆளைத் தள்ளும் என்று நினைவு. வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நேற்று ஜன்னலடியில் உட்கார்ந்து கண்ணாடி இல்லாமல் வீரகேசரி படித்தாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுது.

பேத்தி கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்த செய்தியை இரண்டு தரம் வாசித்தேன். வீட்டுக்காரிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு எஸ், வெறும் பாஸ்தான் எடுத்தாள், மருந்து அளக்கும்போது கை நடுங்குகிறது என்கிறாள், நீ இத்தனை வருஷம் டிஸ்பென்சரியில் இருந்தவன், என்ன படிக்கச் சொல்ல?" என்று கேட்டிருந்தாய். அந்த நடுக்கம் கொஞ்ச நாள் இருக்கட்டும் மச்சான். அதை அவசரப்பட்டுப் போக்க வேண்டாம். ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு நடுங்காத ஒரு நாள் உண்டு. உனக்கும் இதுவரை நான் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு பின்னேரம் காய்ச்சலோடு ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். நிறை எழுதிய துண்டில் 22 என்று மட்டும் இருந்தது. பரசிட்டமோல் பாணி கொடுக்க வேண்டும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்து 22ஐப் பெருக்கினேன், 330. எங்களிடம் இருந்த பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். வகுத்துப் பார்த்தால் 5 மில்லிக் கரண்டியால் இரண்டேமுக்கால் கரண்டி. பெருக்கலில் பிழையில்லை, வகுத்தலிலும் பிழையில்லை. இரண்டு தரம் சரிபார்த்தேன். அளவுக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மிட்வைஃப் அக்கா உள்ளே வந்து, "தம்பி, யாருக்கு இவ்வளவு?" என்று கேட்டார். துண்டைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் பிள்ளையைத் தாயிடமிருந்து வாங்கி என் கையில் வைத்தார். அது காய்ச்சல் சூட்டோடு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "இது 22 கிலோவா? நீயே சொல்லு" என்றார்.

எங்கள் தராசு பழைய தராசு, இறாத்தல் காட்டும். 22 இறாத்தல் என்றால் 10 கிலோ. பிள்ளைக்கு வேண்டியது 150 மில்லிகிராம், ஒன்றேகால் கரண்டி. நான் ஊற்றியது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதையே ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கொடுக்கச் சொல்லி அனுப்பியும் இருப்பேன். பரசிட்டமோல் மிஞ்சினால் ஈரலைப் பிடிக்கும், முதல் நாள் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. ஆனால் அடுத்த நாள் தராசின் மேல் "இறாத்தல்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது.

அதனால் பேத்தி முதலில் படிக்க வேண்டியது வாய்ப்பாடு இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும். கிலோவா இறாத்தலா, மில்லிகிராமா மில்லிலீற்றரா, மைக்ரோகிராமா. அது எழுதியிருக்காவிட்டால் எண்ணைத் தொடக்கூடாது, போய்க் கேட்க வேண்டும். கேட்டால் எரிந்து விழுகிற டொக்டர்மாரும் இருக்கத்தான் செய்கிறார்கள். விழுந்தால் விழட்டும், கேட்டே ஆக வேண்டும்.

நான் இங்கே சனிக்கிழமைகளில் வாசிகசாலையில் ஒன்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா. முதல் நாளே ஒரு பிள்ளை, "சேர், எனக்குக் கணக்கு வராது" என்றாள். தாய் கொழுந்து எடுக்கிறவள். நான் கேட்டேன்: "அம்மா கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் 23 கிலோ நிறுத்தாள். சாக்குக்கும் ஈரத்துக்கும் 3 கிலோ கழித்துவிட்டார்கள். தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ என்றால்?" நான் முடிக்கவில்லை, "2 கிலோ மேலதிகம் சேர், ஆனா 3 கிலோ கழிக்கிறது அநியாயம்" என்றாள். கணக்கப்பிள்ளை அரைக் கிலோ மறைத்தால் நம் பெண்களுக்கு உடனே தெரியும். அரைப்பேர் விழுமா, முழுப்பேரா என்று மலையில் நிற்கும்போதே கூடையின் பாரத்தை வைத்துச் சொல்லுவார்கள். அந்தக் கணக்கு வீட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கணக்கு வராது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது மச்சான். கரும்பலகையில் எக்ஸ், வை என்று எழுதித்தான் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம்.

மருந்துக் கணக்கும் மடுவத்துக் கணக்குத்தான். வேண்டியது எவ்வளவு, கையிலிருக்கும் மாத்திரையில் எவ்வளவு, அப்படியானால் எத்தனை. பாணி என்றால் எத்தனை மில்லியில் எவ்வளவு என்பது ஒன்று கூடும், அவ்வளவே. இறாத்தலைக் கிலோவாக்க 2.2ஆல் வகுக்கச் சொன்னால் மறந்துவிடுகிறார்கள். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் என்று கடைக்குப் போகிற எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதிலிருந்து தொடங்கினால் மறக்கமாட்டார்கள்.

போன கிழமை தைரொயிட் மருந்தான தைரொக்சினில் ஒரு கணக்குக் கொடுத்தேன். மாத்திரையில் 50 மைக்ரோகிராம், துண்டில் 0.1 மில்லிகிராம். எத்தனை மாத்திரை? அதே பிள்ளை 0.1ஐ 50ஆல் வகுத்து 0.002 என்று எழுதினாள். பிறகு கொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சேர், இப்படி ஒரு மாத்திரையை வெட்டவே ஏலாதே" என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1 மில்லிகிராமுக்கு 1000 மைக்ரோகிராம் என்பதை நான் சொல்லவில்லை, அவளே போய்த் தேடி, 2 மாத்திரை என்று திருத்தினாள். விடை வந்ததும் அதைக் கையில் வைத்துப் பார்க்கிற பழக்கம் அதுதான். நாலு மாத்திரை, ஆறு கரண்டி என்று விடை வந்தால் பெரும்பாலும் எங்கேயோ பிழை. பேத்தியிடம் இதைக் கட்டாயம் சொல்.

எழுதுகிற முறையும் முக்கியம். அரை என்றால் 0.5 என்று பூச்சியம் போட்டு எழுத வேண்டும். வெறும் புள்ளி வைத்தால் புள்ளி மங்கி 5 ஆகும். 5 என்றால் 5 மட்டும். 5.0 என்று எழுதினால் அது 50 ஆகும். இன்சுலினுக்கு யூனிட் என்று முழுதாக எழுத வேண்டும். சுருக்கமாக 'யூ' எழுத்தைப் போட்டால் அவசரக் கையெழுத்தில் அது பூச்சியமாகி 10 யூனிட் 100 யூனிட் ஆகிவிடும். அதில் ஆள் தப்புவது கஷ்டம். டிரிப் சொட்டுக் கணக்கு அவளுக்கு இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்.

கரண்டி விஷயம் ஒன்று. பிள்ளைகளை வீட்டிலிருந்து தேத்தண்ணிக் கரண்டி கொண்டுவரச் சொன்னேன். ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஒவ்வொன்றாக நிரப்பிப் பார்த்தோம். ஒன்று 3 மில்லியில் நிரம்பி வழிந்தது, இன்னொன்று 7 கொண்டது. "ஒரு கரண்டி" என்று சொல்லி அனுப்பினால் வீட்டுக்கு வீடு வேறு மருந்து. அதோடு ஒரே பரசிட்டமோல் பாணி 120இலும் வருகிறது, 250இலும் வருகிறது. போத்தலின் நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு தரமும் எழுத்தை வாசிக்க வேண்டும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனித் தூளும் அப்படித்தான். ஒரு பக்கெட் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு. ஒரு தாய் முழுப் பக்கெட்டையும் ஒரு கோப்பையில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், பிள்ளைக்குக் கடுமையான உப்புத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வெற்று ஒரு லீற்றர் போத்தல் ஒன்றைக் கையில் கொடுத்தால் விளங்கிவிடும்.

மருந்தின் உண்மைப் பெயர்களைப் படிக்கச் சொல். கடைப் பெயர்கள் பிறகு. பேராசிரியர் சேனக பிபிலே இதற்காகத்தானே அவ்வளவு பாடுபட்டார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்த காலத்துப் பேச்சுகள் உனக்கு ஞாபகம் இருக்கும். இங்கே டிஸ்பென்சரியில் பரசிட்டமோல் வாங்குகிறார்கள், வழியில் கடையில் பனடோலும் வாங்குகிறார்கள். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் இரண்டையும் போடுகிறார்கள். 500 மில்லிகிராம் மாத்திரை பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக்கூடாது. காய்ச்சல் டெங்கு என்று சந்தேகம் வந்தால் பரசிட்டமோலைத் தவிர வேறு வலி மாத்திரை கூடாது என்பதையும் அவள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒன்று. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்குகிறார்கள். தேயிலையின் கயர்ப்பு அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரை தவறாமல் போட்டும் இரத்தம் ஏறவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். தேசிக்காய்த் தண்ணியோடு போடலாம். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் போட வேண்டும். தேத்தண்ணி குடிக்காதே என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், இரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடி என்று சொன்னால் கேட்பார்கள்.

"மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகு" என்று உறையில் எழுதுகிறோம். காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு மலைக்கு ஏறி, மத்தியானம் பேருக்கு ஏதோ தின்று, இரவுதான் சோறு என்றால், அவள் கணக்கில் அது ஒரு வேளை. ஒரு அம்மா எனக்கு மீதி மாத்திரையைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினாள், ஐந்து நாளில் முடிய வேண்டிய அமொக்சிசிலின் பாதிக்கு மேல் இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை, சாப்பிட்ட போதெல்லாம் போட்டிருக்கிறாள். அதிலிருந்து நான் மணியைச் சொல்லித்தான் கொடுப்பேன். விடிய ஆறு மணி, பகல் இரண்டு மணி, இரவு பத்து மணி. உறையில் தமிழில் எழுதிக் கொடுக்கவும் பேத்தி பழக வேண்டும். நம் ஆட்கள் வேறு மொழி எழுத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வெளியே போய், பக்கத்தில் நிற்கிறவரிடம்தான் கேட்கிறார்கள்.

என் பழைய கொப்பியைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மனமில்லை, கூட இருந்து விளக்க வேண்டும். அவளுக்கு லீவு கிடைக்கிற சனிக்கிழமை கோச்சியில் ஏற்றிவிடு, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். நீயும் முழங்கால் விட்டால் கூட வா, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம். வரும்போது உங்கள் வீட்டுத் தேத்தண்ணிக் கரண்டி ஒன்றை மறக்காமல் கொண்டுவரச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்