மாத்திரை சாப்பிட்ட பிள்ளைக்கு மிலிட்டரி உண்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏ.டி.எச்.டி. என்றால் என்ன, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், என்ன மருந்து என்பதெல்லாம் நன்றாகவே இருந்தது. எங்கள் பகுதியில் பெற்றவர்கள் முதலில் கேட்கிற கேள்வி மட்டும் அதில் இல்லை. ‘இந்த மாத்திரையைக் கொடுத்தால் பின்னால் மிலிட்டரியில் எடுப்பார்களா?’

அடையாறிலோ அண்ணா நகரிலோ இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகப் படலாம். பெரம்பூர் பின்னி ஆலை 1996-இல் மூடியது. துறைமுகத்தைச் சுற்றிக் கிடைக்கிற வேலையிலும் இன்று ஒப்பந்தக் கூலி அதிகம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பன்னிரண்டாவது முடித்த பையனுக்கு மாதச் சம்பளமும் தெருவில் மரியாதையும் சேர்ந்து கிடைக்கிற வேலை ராணுவமும் போலீசும்தான். அக்னிபத் வந்து நாலு வருஷ வேலை என்றான பிறகும், அதில் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று தெரிந்த பிறகும், காலை ஐந்து மணிக்கு ஓடுகிற கூட்டம் குறையவில்லை. நான் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். அந்தப் பையன்களோடு மைதானத்தில் நிற்கிறேன். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. பெரும்பாலும் அம்மாக்கள்தான் கேட்கிறார்கள், அதுவும் அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

“அண்ணா, டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைய நிறுத்திட்டேன். நாளைக்கு மெடிக்கல்ல புடிச்சிருவாங்களாமே?” என்றார் ஒரு பெண். பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ராணுவத்தில் சேர 17½ வயது ஆக வேண்டும். அதற்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. அதற்குள் வாத்தியார் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தி நிறுத்தியே படிப்பை முடித்துவிடுவார் போலிருக்கிறது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், செல்போனில் பார்த்த அமெரிக்க வீடியோ என்கிறார்கள். அங்கே இது பெரிய விவகாரம் என்பது உண்மைதான். 2022 கணக்குப்படி 3 முதல் 17 வயது வரையுள்ள அமெரிக்கப் பிள்ளைகளில் 11.4 சதவீதம் பேருக்கு எப்போதாவது இந்தக் கோளாறு இருப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு அந்நாட்டுத் தரைப்படை 60,000 பேரைச் சேர்க்க நினைத்து 15,000 பேர் குறைந்து நின்றது. ஆட்சேர்ப்பு மருத்துவ சோதனைக்கு மின்னணுப் பதிவுமுறை வந்ததும் அப்போதுதான். சின்ன வயதில் வாங்கிய மருந்துச் சீட்டுகூட அதிகாரியின் கணினியில் தெரிய ஆரம்பித்தது. வீடியோக்காரர்கள் போடுகிற கூச்சல் அதைப் பற்றித்தான்.

ஆனால் அவர்கள் விதியைப் படித்துப் பார்த்தால் சங்கதி வேறு. மாத்திரை சாப்பிட்டவன் என்றாலே ‘போ வெளியே’ என்று அது சொல்லவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2018-இல் வெளியிட்ட விதி சில கேள்விகளைக் கேட்கிறது. கடைசி 24 மாதங்களில் மருந்து எழுதப்பட்டதா? 14 வயதுக்குப் பிறகும் பள்ளியில் தனிச்சலுகை தேவைப்பட்டதா? வேறு மனநலச் சிக்கல் கூட இருந்ததா? இந்தக் கோளாறால் படிப்போ வேலையோ கெட்டதாகப் பதிவு இருக்கிறதா? இதில் மாட்டினாலும் விலக்கு கேட்கலாம். ஏழு வயதில் மாத்திரை சாப்பிட்டு, பன்னிரண்டு வயதில் நிறுத்தி, ஒழுங்காகப் படித்து வந்தவனுக்கு அந்த விதியில் தடை இல்லை.

நம் ஊர் அறிவிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அக்னிபத் திட்டத்தில் சேர்கிற அக்னிவீர் ஆட்சேர்ப்புக்கு மார்பு 5 செ.மீ. விரிய வேண்டும் என்று இருக்கிறது. பல் பரிசோதனையில் 14 புள்ளி வேண்டும். காதில் அழுக்கை எடுத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். மனதைப் பற்றி இருப்பது ‘நல்ல மனநலம்’ என்ற அளவில்தான். அதிகாரி வேலைக்கான என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு அறிவிக்கையில், விமானப்படைப் பகுதியில், கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மனநோய் வரலாறு இருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்பி விசாரிக்க வேண்டுமாம், பொதுவாக நிராகரிக்க வேண்டுமாம். முன்பு மருந்து சாப்பிட்டதும் கணக்கில் வருமாம். இந்த வரலாற்றைப் பெரும்பாலும் யாரும் தாமாகச் சொல்வதில்லை, நேராகக் கேட்டுப் பாருங்கள் என்று பரிசோதிப்பவருக்கு அதிலேயே யோசனையும் உண்டு. எப்படிச் சொல்வார்கள்? எத்தனை வயதில், என்ன கோளாறுக்கு, நிறுத்தி எத்தனை வருஷம் என்ற பேச்சே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்தால் எவன் வாயைத் திறப்பான்?

ராணுவம் கேட்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பனிமலையில் காவல் நிற்பவனுக்குப் பக்கத்தில் மருந்துக்கடை கிடையாது. இந்தக் கோளாறுக்கு அதிகம் எழுதப்படுகிற மெத்தில்பெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து. நம் தெருக் கடையிலேயே கிடைப்பதில்லை. சாதாரண மாத்திரை நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். அது இல்லாவிட்டால் கவனம் சிதறுகிறவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து ராத்திரிக் காவலுக்கு நிறுத்த நானே சம்மதிக்க மாட்டேன். இன்றைக்கு மாத்திரை தேவைப்படுகிறவனை வேண்டாம் என்று சொல்லட்டும், நியாயம். என்றைக்கோ சாப்பிட்டவனைப் பற்றித்தான் என் கேள்வி.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மூன்றாவது பிரிவில், பழைய சிகிச்சை ஒன்றை மட்டுமே வைத்து ஒருவருக்கு இன்றோ நாளையோ மனநோய் இருப்பதாக முடிவு கட்டக்கூடாது என்கிறது. படைகளுக்குத் தனி மருத்துவத் தரம் இருக்கலாம். இருந்தாலும் பழைய சிகிச்சை வேறு, இன்றைய நோய் வேறு என்று நாடாளுமன்றம் ஒத்துக்கொண்ட இந்த வித்தியாசத்தை ஆட்சேர்ப்பு அறிவிக்கையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

‘மறைத்துவிட்டால் தீர்ந்தது’ என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பயிற்சிக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களை நம்பாதீர்கள். சேரும்போது படிவத்தில் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னால் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் 44-ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. மெடிக்கலில் அவுட் ஆனால் மறு பரிசோதனை கேட்கலாம், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. பொய் பிடிபட்டால் அந்த வழியும் அடைபடும்.

பாதியில் மாத்திரையை நிறுத்துகிற அம்மாக்களிடம் நான் சொல்வதையும் எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது. துருதுருவென்று இருக்கிற பிள்ளைக்கெல்லாம் இந்த நோய் கிடையாது. வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் ஆறு மாதமாவது தொந்தரவு இருந்தால்தான் அப்படிச் சொல்வார்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் மாத்திரை இல்லை, பெற்றவர்களுக்குத்தான் பயிற்சி. மாத்திரையால் சில பிள்ளைகளுக்குப் பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், வளர்த்தி கொஞ்சம் மந்தப்படலாம். அதனால்தான் போகும்போதெல்லாம் உயரமும் எடையும் எடுக்கிறார்கள். ‘உயரம் குறைந்தால் செலக்‌ஷனில் போய்விடுமே’ என்று பயந்தால் அதை டாக்டரிடமே சொல்லுங்கள், வேறு மருந்தும் இருக்கிறது. சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். எப்போது ஆரம்பித்தோம், எப்போது டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்பதற்கு நாளைக்கு அந்தச் சீட்டுத்தான் சாட்சி. அயனாவரம் மனநல மருத்துவமனைக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகலாம், அங்கேயும் மனநலப் பிரிவு இருக்கிறது. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று கிண்டல் பண்ணுகிற வழக்கம் இந்த ஊரை விட்டு இன்னும் போகவில்லை, என்ன செய்வது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ராணுவ ஆட்சேர்ப்பு அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில்தான் இருக்கிறது. தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கி வெளியிட வேண்டும். பத்து வயதுக்கு முன் கவனக்கோளாறுக்கு மருந்து சாப்பிட்டவர் சேரலாமா? மருந்தை நிறுத்தி எத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டும்? அதற்கு எந்த டாக்டரின் சான்று செல்லும்? அடுத்த ஆட்சேர்ப்பு அறிவிக்கைக்கு முன்னால் அந்தப் பதில் வந்தால், வெட்டியெடுத்து மைதானத்துச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவத்தினர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை – 39.

(என் பெயரைப் போட்டால் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். வெளியிட வேண்டாம்.)