ஆளுக்கு ஒரு வாக்கு

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
செவ்வாய் இரவு

என் அன்பு மகனுக்கு,

வங்கி இல்லாத கணினி நாணய வேலை ஒன்றில் சேரப்போகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. கோபம் என்று நினைத்துவிடாதே. நின்ற இடத்தில் பதில் சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை. "பிட்காயின் நாணயமும் கட்டற்ற மென்பொருளும் ஒரே வேரில் முளைத்தவை அம்மா, நீங்கள் தொழிற்சங்கத்தில் செய்ததைத்தான் நாங்கள் கணினியில் செய்கிறோம்" என்றாய். அதில் பாதியை மனதார ஏற்கிறேன். மறுபாதி தொண்டையில் நிற்கிறது.

ஏற்கும் பாதியை முதலில் சொல்கிறேன். உனக்குப் பதினைந்து வயதில் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே உபுண்டு என்ற, கணினியை இயக்கும் இலவச மென்பொருளின் குறுந்தகடு. ஒரு சென்ட் கூடக் கேட்காமல் அனுப்பியிருந்தார்கள். அதை ஆரம்பித்த மார்க் ஷட்டில்வர்த் நம் நாட்டுக்காரர் என்று நீ குதித்தாய். எனக்கோ உபுண்டு என்ற பெயர்தான் பிடித்தது. தையல் ஆலையில் என் பக்கத்து இயந்திரத்தில் இருந்த ஜூலு அக்கா அடிக்கடி சொல்லும் சொல் அது: மனிதர்களால்தான் மனிதன் மனிதனாகிறான். எழுதியதை மறைக்காமல் கொடு, வாங்கியவன் திருத்தட்டும், திருத்தியதை அவனும் கொடுக்கட்டும் என்று 1983இலேயே கட்டற்ற மென்பொருளுக்காக ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் வைத்த நியாயத்தை அன்று இரவு நீ எனக்கு விளக்கினாய். வேலை தெரிந்தவள் புதிதாக வந்தவளுக்குக் காலர் தைக்கக் கற்றுக்கொடுப்பதைப் போன்றது அது. அதில் நீ இருப்பது எனக்குப் பெருமை. பெரிய நிறுவனங்கள் அந்த இலவச உழைப்பை அள்ளிக்கொண்டு, எழுதியவனுக்குக் கூலி கொடுக்காமல் விடுகின்றன என்பதையும் நீதான் சொன்னாய். அதற்கு உங்களுக்கும் ஒரு சங்கம் வேண்டும்.

உங்கள் நாணயத்துக்கு அடிப்படையான ரகசிய எழுத்தின் மேலும் எனக்குப் பகை இல்லை. நிறவெறி அரசை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 1988இல் ரகசியமாகத் தொடங்கிய வூலா நடவடிக்கை நடந்தது இதே டர்பனில்தான். லண்டனில் உட்கார்ந்து அதற்கான நிரலை எழுதியவர் டிம் ஜென்கின்; மரத்தில் சாவி செதுக்கி 1979இல் பிரிட்டோரியா சிறையிலிருந்து தப்பியவர். இங்கே மடிக்கணினியில் செய்தியைத் தட்டுவார்கள். நிரல் அதைப் புரியாத எழுத்தாக்கும். அதை ஒலியாக மாற்றி, சிறிய கேசட்டில் பதிந்து, பொதுத் தொலைபேசியில் ஒலிக்கவிடுவார்கள். லண்டனில் இன்னொரு கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். கணினிகளைக் கடத்தி வந்தது ஒரு டச்சு விமானப் பணிப்பெண். 1990 ஜூலையில் இங்கே ஆட்கள் பிடிபட்டதால்தான் எல்லாம் வெளியே தெரிந்தது. ராபன் தீவுச் சிறையில் 20 ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த பில்லி நாயரை மறுபடியும் கொண்டுபோனார்கள். சார்லஸ் இன்டாபாவும் இம்புசோ சபலாலாவும் உயிரோடு திரும்பவில்லை. ஒரு செய்தி போய்ச் சேர எத்தனை பேர் ஒருவரை ஒருவர் நம்பினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்குகிறது.

பணமும் அப்படித்தான் வந்தது. அரசியல் கைதிகளுக்காக உதவி திரட்டிய பாதுகாப்பு நிதியத்தை 1966இல் இங்கே தடை செய்தார்கள். அதன் பிறகு பிரிட்டனில் இருந்த சாதாரண மனிதர்கள், பழைய சிநேகிதர்களைப் போலக் கடிதம் எழுதி, கைதிகளின் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பினார்கள். யார் என்றே தெரியாதவர்கள்! பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எப்படி, மழை பெய்ததா என்று விசாரித்து எழுதினார்கள்.

அரசு ரகசியங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடைகளை 2010இல் கடன் அட்டை நிறுவனங்கள் அடைத்த பிறகு, 2011இல் பிட்காயின் ஒரு வழி திறந்தது என்றாய். உண்மைதான். வங்கியின் கதவை அரசாங்கம் சாத்தும்போது வேறு வழி வேண்டும். தடை செய்யப்பட்ட இயக்கத்தோடு வாழ்ந்த எங்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உன் நாணயத்தின் பெருமையே யாரையும் நம்பத் தேவையில்லை என்பதுதானே? நாங்கள் ஜெயித்தது நம்பியதால். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

இன்னொன்று. நீ சேரப்போகும் இடத்தில் முதலாளி கிடையாது, எல்லோரும் வாக்களித்து முடிவெடுப்பார்கள் என்றாய். ஒருவருக்கு எத்தனை வாக்கு என்று கேட்டேன். கையில் இருக்கும் டோக்கன் நாணயத்துக்கு ஒன்று வீதம் என்றாய். பிட்காயினைப் போன்ற இன்னொரு வலையமைப்பான ஈத்தரியத்திலும் 2022 செப்டம்பர் முதல் அதே ஏற்பாடு: தனியாகக் கணக்கைச் சரிபார்க்க அதன் நாணயமான ஈத்தர் 32 பிணையாக வேண்டும், பிணை எவ்வளவோ, சொல்லின் எடையும் அவ்வளவு. மின்சாரத்தை வீணடிக்காத முறை என்றாய், நல்லதுதான். ஆனால் கண்ணா, இதை நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம். 1892இல் கேப் காலனியில் வாக்குரிமைக்கான சொத்து வரம்பை 25 பவுண்டிலிருந்து 75 பவுண்டாக உயர்த்தினார்கள். யாரை வெளியே தள்ள என்று சொல்ல வேண்டுமா? 1994 ஏப்ரல் 27 அன்று உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கடைக்காரர், பின்னால் அவர் வீட்டில் துணி துவைத்தவள். மூவரின் வாக்குக்கும் ஒரே எடை. அந்த ஒன்றுக்காகத்தான் அத்தனை பேர் செத்தார்கள்.

சின்னம்மாவின் விஷயத்தை உன்னிடம் சொல்லவில்லை. ஆலையில் 31 ஆண்டுகள் உழைத்து வந்த சேமநிதியில் பாதியை, மாதாமாதம் பிட்காயின் லாபம் தருகிறோம் என்று வந்தவர்களிடம் கொடுத்துவிட்டாள். போய்விட்டது. அது மோசடி, தொழில்நுட்பத்தின் குற்றமில்லை என்பாய். சரி. ஆனால் அவளுடைய சீட்டில் யாராவது ஏமாற்றியிருந்தால் அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாள். இப்போது எந்த வாசலில் நிற்பது?

அதே ஜென்கின் பிறகு என்ன செய்தார் தெரியுமா? 2003இல் கேப் டவுனில் ஒரு பரிமாற்ற முறையைத் தொடங்கினார். நாணயமே கிடையாது. எல்லோர் கணக்கும் சுழியில் ஆரம்பம். உனக்கு நான் சட்டை தைத்தால் என் கணக்கில் நூறு கூடும், உன் கணக்கில் நூறு குறையும். எல்லாவற்றையும் கூட்டினால் எப்போதும் சுழி. பதுக்க ஒன்றுமில்லை, விலை ஏறட்டும் என்று காத்திருக்கவும் ஒன்றுமில்லை. வாங்கிவிட்டுத் திருப்பாதவர்கள் அதிலும் இருப்பார்கள், நம் சீட்டில் இருப்பதைப் போல. அவருடைய வூலா நிரலும் 2024இல் வெளியாகிவிட்டது. கடவுச்சொல்லை அவரே மறந்துபோயிருந்தார். இன்னொருவர் பூட்டை உடைத்துக் கொடுக்க, யாரும் படிக்கலாம் என்று வைத்துவிட்டார்கள். நீ படித்துப் பார்த்து எனக்குப் புரியும்படி எழுது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர்களிடம் கேள்: கூட்டிப் பெருக்குகிறவளுக்கு அங்கே எத்தனை வாக்கு? அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே எனக்கு எழுது.

சின்னம்மாவுக்கு இந்த வாரமே ஒரு முறை பேசு. பணத்தைப் பற்றி எடுக்காதே, வெட்கப்படுகிறாள். காவடிக்கு வருகிறாயா என்று அவளிடமே சொல், மாவிளக்கு மாவு இடிக்க ஆள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அம்மா