சிவப்புப் பட்டியலும் தெளிப்பான் வாஷரும்

ஆசிரியருக்கு,

நியாய வணிகமும் பூச்சிக்கொல்லியும் பற்றிய சமூகவியல் ஆய்வை விளக்கிய தங்கள் கட்டுரை, நியாய வணிக முத்திரை பெற்ற பொருள் என்றாலே மருந்தடிக்காதது என்ற எண்ணத்தைத் தருகிறது. இயற்கை வேளாண்மைச் சான்று வேறு, நியாய வணிகச் சான்று வேறு. நெதர்லாந்தில் 1988-இல் காபிக்கு ‘மாக்ஸ் ஹாவலார்’ முத்திரை வந்தபோதே விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலைதான் முதல் நோக்கம்.

நியாய வணிக விதிகளை வகுக்கும் ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் அமைப்பு ஆபத்தான பயிர் மருந்துகளைச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று பிரித்திருக்கிறது. சிவப்பு கூடவே கூடாது, ஆரஞ்சை நிபந்தனையோடு அடிக்கலாம், படிப்படியாக விட்டுவிட வேண்டும், மஞ்சள் எச்சரிக்கை. ஆனால் சிவப்புத் தடை முத்திரை பெறும் பயிருக்கு மட்டுமே. பக்கத்துப் பாத்தியில் வேறு பயிர் இருந்தால்? அதே டேங்க், அதே ஆள், அதே காற்று.

ஆய்வாளர் மருந்தடிப்பவரிடம் “கையுறை போடுகிறீர்களா?” என்று கேட்டால் “போடுகிறோம்” என்றுதான் பதில் வரும். நாசில் (மருந்து பீச்சும் முனை) அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். வாயில் வைத்து ஊதும் பழக்கம் அப்போதுதான் வெளியே வரும். முதுகுத் தெளிப்பானின் மூடி வாஷர் தேய்ந்திருந்தால் குனியும்போதெல்லாம் மருந்து முதுகில் வழியும். அதற்குக் கையுறை என்ன செய்யும்?

காலி மருந்து பாட்டிலை என்ன செய்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, அதை டேங்கிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று தடவை. டேங்க் நிறைவதற்கு முன்பே இதைச் செய்யாவிட்டால் அலசிய தண்ணீருக்கு அதில் இடமிருக்காது, வாய்க்காலுக்குத்தான் போகும். பிறகு பாட்டிலில் துளை போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அது மண்ணெண்ணெய் பாட்டிலாக வீட்டுக்குள் வந்துவிடும்.

மருந்தைக் குறைத்தால் ஆள் வேலை கூடும் என்பதைக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. சமூகவியலாளர் டேனியல் ஜாஃபீ மெக்சிகோவின் ஓஹாகா மாநிலக் காபி விவசாயிகளை ஆராய்ந்தபோது, நல்ல விலை கிடைத்தும் அதில் ஒரு பகுதி கூலியாகப் போவதைக் கண்டார். மருந்துச் செலவையும் களையெடுப்புக் கூலியையும் ஒரே கணக்கில் எழுதினால்தான் விவசாயி ஏன் களைக்கொல்லிக்குத் திரும்புகிறார் என்பது புரியும்.

ஆய்வுப் பேட்டிக்கு ஆள் எடுப்பதிலும் கோளாறு இருக்கிறது. முத்திரை பெற்ற விவசாயிகள் சங்கத்தின் உறுப்பினர் நிலத்துக்காரர். மருந்தடிப்பவர் பல இடங்களில் தினக்கூலி. உறுப்பினர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அவர் பெயரே வராது.

— வேளாண் களப்பணியாளர்