பத்துக் கட்டளைகளும் வகுப்பறைச் சுவரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கா கிறிஸ்தவ நாடு, அரசும் அப்படியே நடக்க வேண்டும் என்கிற கிறிஸ்தவ தேசியவாதம் அங்கே வளர்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடவுளை நம்புகிறவர்கள் ஒரு பக்கம், தாராளவாதிகள் இன்னொரு பக்கம் என்று அது பிரித்துவிட்டது. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற என்னால் இதை ஏற்க முடியவில்லை.

லூசியானா மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் ஒவ்வொரு வகுப்பறையிலும் பைபிளில் உள்ள பத்துக் கட்டளைகளை மாட்டியாக வேண்டும் என்று 2024 ஜூனில் அங்கே சட்டம் போட்டார்கள். குறைந்தது 11க்கு 14 அங்குலம், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. அடுத்த வருஷமே டெக்சாஸ் 16க்கு 20 அங்குலம் என்று கிளம்பியது. கென்டக்கி மாநிலத்தின் இதே மாதிரி ஒரு சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980லேயே செல்லாது என்று தள்ளியிருக்கிறது, அது தெரிந்தேதான் செய்கிறார்கள்.

சரி, அளவு எப்படியோ போகட்டும், சுவரில் என்னென்ன சொற்கள் இருக்க வேண்டும் என்பதையும் சட்டமன்றமே வரிக்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டது. சுரூபம், அதாவது வணங்குவதற்கான சிலை, செய்யாதே என்பது நம் சிஎஸ்ஐ சபையில் இரண்டாவது கட்டளை. கத்தோலிக்கர்கள் அதை முதல் கட்டளைக்குள்ளேயே அடக்கிவிடுவார்கள், யூதர்கள் எண்ணுகிற முறை வேறு. தெற்கு லூசியானாவில் கத்தோலிக்கர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்ட இடத்தில் எந்த வாசகம் சரி என்று முடிவு செய்கிற வேலை போதகர் கையிலிருந்து எம்எல்ஏ கைக்குப் போய்விட்டது. எனக்குப் பயமே இதில்தான். இந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போன பெற்றோரில் யூதர்களும் மதம் சாராதவர்களும் மட்டுமல்ல, பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் போதகர் ஒருவரும் இருக்கிறார்.

இது புதிதும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் வர்ஜீனியாவில் உரிமம் வாங்காமல் பிரசங்கம் செய்தார்கள் என்று பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் ஊழியர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள், போட்டவர்களும் கிறிஸ்தவர்கள்தான். கனெக்டிகட்டில் வேறொரு சபை அரசின் ஆதரவோடு கோலோச்சியபோது, டான்பரி ஊர்ப் பக்கத்து பாப்டிஸ்ட்கள், எங்கள் வழிபாட்டு உரிமையை ஏதோ போடுகிற சலுகை மாதிரி நடத்துகிறார்கள் என்று ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு எழுதினார்கள். அவர்களுக்கு 1802இல் அவர் எழுதிய பதிலில்தான் சபைக்கும் அரசுக்கும் நடுவில் சுவர் என்ற பேச்சு வருகிறது. அந்தச் சுவரைக் கேட்டு நின்றவர்கள் விசுவாசிகள். இன்று அதை இடிக்கிறவர்கள், நாடு பிறந்ததே கிறிஸ்தவ நாடாகத்தான் என்கிறார்கள். ஆனால் 1787இல் எழுதிய அரசியல் சட்டமோ, பதவிக்கு வர எந்த மதச் சோதனையும் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

தாராளவாதிகளிடமும் எனக்கு மனக்குறை உண்டு. மதத்தை வீட்டோடு வைத்துக்கொள் என்று அவர்களில் சிலர் பேசுகிற தோரணையே, உங்கள் விசுவாசத்துக்கு ஆபத்து என்று சொல்லி ஓட்டுக் கேட்பவர்களுக்கு வசதியாகிப்போகிறது. மார்ட்டின் லூதர் கிங் பாப்டிஸ்ட் போதகர், கறுப்பின மக்களின் உரிமைக்காக வேதத்தைச் சொல்லித்தான் தெருவில் இறங்கினார். ஆனால் தன் சபைக்குத் தனி இடம் கொடு என்று அவர் கேட்கவில்லை, எல்லாருக்கும் ஒரே உரிமை என்றுதான் கேட்டார்.

அமெரிக்க பாப்டிஸ்ட்கள் முன்னின்று 2019இல் 'கிறிஸ்தவ தேசியவாதத்துக்கு எதிரான கிறிஸ்தவர்கள்' என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அவர்களிடமும் பேசி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்