முதலில் நாலு வரி எழுது

அன்புள்ள மகளுக்கு,

படங்களையும் குறிப்புகளையும் கணினியிலேயே ஆல்பம் பக்கங்களாக அமைக்கிற டிஜிட்டல் ஸ்கிராப்புக்கில், மாதம் முழுவதும் நாளுக்கு ஒரு பக்கம் செய்யும் சவாலுக்குப் பெயர் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சந்தோஷம், உன் அப்பாவுக்குச் சிரிப்பு. ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போட ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறவள் தினம் ஒரு பக்கம் முடித்துவிடுவாளா என்று கேட்கிறார். முடிப்பாள் என்று நான் அடித்துச் சொல்லியிருக்கிறேன். என் வாக்கு பொய்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த மாதிரிச் சவாலைப் பாதியில் விட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பக்கம் செய்யத் தெரியாமல் விட்டவர்கள் அவர்களில் யாரும் இல்லை. தேடித் தேடியே அலுத்துப் போனவர்கள்தான் எல்லோரும். கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடக்கின்றன. பக்கத்தை அலங்கரிக்க யாரோ வரைந்து தருகிற கிட் என்ற கோப்புத் தொகுப்பைத் திறந்தால் பின்னணிக் காகிதம், பொத்தான், ரிப்பன், பூ, சட்டகம் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரவு பதினொன்றாகிவிடும். ஆகவே மாதம் பிறக்குமுன் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்கு. தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு, நாற்பது படங்களை அதில் நகலெடுத்து வை. நகல்தான், மூலப் படம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அழகாக விழுந்த படமா என்று பார்க்காதே. அதைப் பற்றிச் சொல்ல உனக்கு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்.

செய்திச் செயலி வழியாக வந்த படங்கள் பெரும்பாலும் சுருங்கித்தான் வந்திருக்கும். 12 அங்குலப் பக்கம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் பக்கத்தின் அகலத்துக்கே 3600 பிக்சல் ஆகிறது. 1600 பிக்சல் அகலமுள்ள படம் அச்சில் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். அதை இழுத்துப் பக்கம் முழுக்கப் பரப்பினால் திரையில் நன்றாகத் தெரியும், அச்சில் பல்லிளிக்கும். படம் எடுத்தவரிடமே மூலக் கோப்பைக் கேட்டு வாங்கு. கிடைக்காவிட்டால் சிறியதாகவே வைத்துவிடு.

கிட்டுகள் மாதத்துக்கு இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று. ஒன்று வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று எந்தப் படத்தோடும் ஒத்துப்போகிற நிறங்களில் இருக்கட்டும். ஒரு வாரம் முழுக்க ஒரே கிட்டை வைத்துச் செய்தால் அந்த வாரத்துப் பக்கங்கள் ஒரு தொகுப்பாகவே அமைந்துவிடும். இலவசம் என்று கண்டதையெல்லாம் இறக்கிக் குவிக்காதே. அந்த ஆசை இந்த ஒரு மாதத்துக்கு வேண்டாம். வாங்கிய கிட்டைத் தோழிகளுக்கு அனுப்பிவிடாதே என்றும் சொல்லி வைக்கிறேன். அதை வரைந்தவருக்கு அதுதான் பிழைப்பு.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. படம் தொகுக்கும் மென்பொருளைத் திறக்குமுன் நாலு வரி எழுது. எல்லோரும் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். காகிதம் தேர்ந்து, நிழல் போட்டு, பூ வைத்து முடித்த பிறகு, களைப்போடு ஓர் ஓரத்தில் ‘இனிய தருணம்’ என்று எழுதிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். காகிதமும் பூவும் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். அந்த நாலு வரி உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

உன் மகன் படியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டுகிற படம் அனுப்பினாயே, அதையே எடுத்துக்கொள். ‘என் செல்லக் குட்டி’ என்று போட்டால் அது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். இடது காலை முடிக்கவே அவனுக்கு வெகு நேரம் பிடித்தது, உதவிக்குப் போன உன் கையைத் தட்டிவிட்டான், வாசலைத் தாண்டுவதற்குள் முடிச்சு அவிழ்ந்துவிட்டது, அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை என்றெல்லாம் தொலைபேசியில் சொன்னாய் அல்லவா, அதை அப்படியே எழுது. எழுதி முடித்ததும் பக்கம் தானாகவே தெளிந்துவிடும். எந்தப் படம் பெரிது, எதை வெட்ட வேண்டும், பூ தேவையா என்பதெல்லாம் அந்த வரிகளிலேயே இருக்கும். அந்தப் படத்தில் முகத்தைவிட விரல்கள்தான் முக்கியம் என்று உனக்கே தெரிந்துவிடும், பார்.

தேதியையும் பக்கத்திலேயே போட்டுவிடு. கேமரா கோப்புக்குள் தேதியைப் பதித்து வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கைமாறி வந்த படத்திலும் ஸ்கேன் செய்த படத்திலும் அதை நம்ப முடியாது. அச்சிட்ட தாளில் அது எப்படியும் வராது. படத்தில் இருப்பவர்களின் பெயரும் அப்படியே. யாருக்குத் தெரியாது என்று இன்றைக்குத் தோன்றும். நம் வீட்டுப் பழைய ஆல்பத்தில் யார் யாரென்று தெரியாமல் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உனக்கே தெரியும்.

இடையில் ஒரு வேடிக்கை. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873-இல் பக்கங்களில் முன்கூட்டியே பசை பூசிய ஸ்கிராப்புக் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ஈரப்படுத்தினால் போதும், ஒட்டிக்கொள்ளும். பசைப் புட்டியோடு மல்லுக்கட்ட அவருக்கே பொறுமை இல்லை போலிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லையும் கிடையாது. ஒட்டியது பிடிக்காவிட்டால் ஒரு விசையைத் தட்டிப் பழையபடி ஆக்கிவிடலாம். ஆனால் அதுவே நமக்கு எதிரியும் ஆகிவிடுகிறது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் மாற்றிக்கொண்டே இருப்போம். ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் என்று அலாரம் வை. அடித்ததும் சேமித்துவிட்டு எழுந்துவிடு.

பாதி நாட்களுக்கு மேல், பக்க அமைப்பை முன்கூட்டியே போட்டுத் தருகிற டெம்ப்ளேட்டையே எடுத்துக்கொள். அது ஏமாற்று வேலை என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய லேயர்களில் படத்துக்கு இடம் குறித்துத் தந்திருக்கிறார்கள், அந்த லேயருக்கு மேல் உன் படத்தை வைத்து, அந்த வடிவத்துக்குள் மட்டும் தெரியும்படி கிளிப் செய்தால் அளவாக உட்கார்ந்துகொள்ளும். ஒரே டெம்ப்ளேட்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பினாலோ கண்ணாடி பிம்பமாகப் புரட்டினாலோ வேறு பக்கம் போலவே இருக்கும்.

மிச்சமான நேரத்தை நிழலுக்குக் கொடு. பக்கம் திரையில் தட்டையாகக் கிடப்பதற்கும் காகிதம் அடுக்கியது போல எழுந்து நிற்பதற்கும் அதுதான் காரணம். வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வர வேண்டும். படத்தின் நிழல் வலப்பக்கம் கீழே விழுந்தால் பொத்தானின் நிழலும் அங்கேதான் விழ வேண்டும். காகிதத்துக்குக் காகிதம் மெல்லிய, நெருங்கிய நிழல் போதும். ரிப்பன் முடிச்சு எழும்பி நிற்பதால் அதற்குச் சற்று அகலமாக, மங்கலாகப் போடு. தையல் காகிதத்தோடு படிந்திருக்கும்; அதற்கு மயிரிழை அளவுதான். முத்திரை மையும் சிதறிய வண்ணமும் காகிதத்துக்குள் ஊறியவை, அவற்றுக்கு நிழலே கூடாது. எழுத்துக்கும் அப்படித்தான். பலர் எழுத்துக்கு நிழல் போட்டு அதை அந்தரத்தில் மிதக்க விடுகிறார்கள். எனக்குப் பார்க்கச் சகிக்காது.

சவாலில் தினம் ஒரு நிபந்தனை வரும். ஒரு நாள் ஒரே படம், ஒரு நாள் இன்ன நிறம், ஒரு நாள் இன்னொருவர் பக்கத்தின் அமைப்பைப் பின்பற்று என்பார்கள். பிடிக்காத நிபந்தனை வந்தால் வளைத்துக்கொள். மஞ்சள் என்று சொல்லி, உன்னிடம் மஞ்சள் படமே இல்லையென்றால், படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு ஒரே ஒரு மஞ்சள் நூலை ஓட விடு. நிறம் நிறைந்த பக்கத்தைவிட அந்த நூல் கண்ணில் படும்.

இரண்டாவது வாரத்தில் நீ பின்தங்குவாய். காய்ச்சல் வரும், அலுவலகத்தில் வேலை குவியும், அல்லது சும்மாவே மனம் வராது. அப்போது விட்டுப்போன நாளிலிருந்து தொடங்காதே, அன்றைய பக்கத்தை முதலில் முடி. கடனை அடைத்துவிட்டுத்தான் இன்றைக்கு வருவேன் என்று உட்கார்ந்தால் கடனும் அடையாது, இன்றும் போய்விடும். விட்டவற்றை விடுமுறை நாளில் ஒரு படம், ஒரு வாக்கியம் என்று எளிய பக்கங்களாகச் செய்துவிடலாம். தாமதமான பக்கங்களை எதுவரை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று விதிகளை இப்போதே படித்துவிடு.

சேமிப்பதில் கவனம். லேயர்கள் உள்ள கோப்பு ஒன்று; இல்லாவிட்டால் பின்னால் ஓர் எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த முடியாது. அச்சுக்கு முழு அளவில் ஜேபிஜி ஒன்று. மற்றவர்களுக்குக் காட்ட, ஆயிரம் பிக்சலுக்குச் சுருக்கிய நகல் ஒன்று, வேறு பெயரில். சுருக்கியதை மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை வெளி வன்தட்டில் எடுத்து வை. எழுத்தையும் முகத்தையும் விளிம்பிலிருந்து அரை அங்குலமாவது தள்ளி வை. அச்சகத்தில் ஓரத்தைச் சற்று நறுக்குவார்கள்.

பொதுவில் காட்டுகிற பக்கங்களில் பேரனின் பள்ளிப் பெயர், வீட்டு எண் எதுவும் தெரியக் கூடாது. பாட்டி பயந்து சாகிறாள் என்று சிரித்துக்கொள், ஆனால் செய்.

முதல் நாள் பக்கத்தை அன்று இரவே எனக்கு அனுப்பு. முழு அளவுக் கோப்பாக அனுப்பு, ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். அப்பா அச்சிட்டுச் சுவரில் மாட்டப் போகிறாராம். கிண்டல் செய்துவிட்டு இப்போது சட்டகத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா