ஷார்த்ர் பேராலயத்துக்கு ஒரு பகல் கொடுங்கள்

ஐரோப்பியத் திருத்தலங்களுக்குத் தமிழரை அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும், உடன் வரும் அருள்தந்தையருக்கும்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற கோடையில் பாரிசிலிருந்து லூர்துக்குப் போகும் வழியில் எங்கள் பஸ் ஷார்த்ரில், அன்னை மரியாவின் பழைய பேராலயம் இருக்கும் பிரெஞ்சு ஊரில், நின்றது. "நாற்பது நிமிடம்தான். கழிப்பறைக்குப் போகிறவர்கள் முதலில் போய் வந்துவிடுங்கள்" என்றார் வழிகாட்டி. பாதி நேரம் அந்த வரிசையிலேயே போயிற்று. மீதி நேரத்தில் மெழுகுதிரி ஏற்றினோம், கூட்டமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம், ஏறிவிட்டோம். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஊர் திரும்பியபின் வேறு சிலருடைய பயண அட்டவணைகளையும் வாங்கிப் பார்த்தேன். அவற்றிலும் ஷார்த்ருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கியிருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எங்களோடு ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். காலணித் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் முன்னே போக, அவர் மட்டும் தென்புறச் சுவரோரம் ஒரு சன்னலருகே நின்றுவிட்டார். வண்ணக் கண்ணாடியின் அடிக்கட்டத்தில் ஓர் ஆள் குனிந்து உட்கார்ந்து செருப்பு வேலை செய்துகொண்டிருக்கிறார். "இவர் நம் வேலையைச் செய்கிறாரே! கோயிலுக்குள் வைத்திருக்கிறார்களே!" என்றார். இன்னும் மேலே பார்க்கக் கழுத்தை நிமிர்த்தியபோது வழிகாட்டி கை தட்டி அழைத்துவிட்டார். பஸ்ஸில் என்னிடம் கேட்டார்: "மேலே தோட்டம் போல ஏதோ தெரிந்ததே, அது என்ன?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது தெரியும். அது நல்ல சமாரியர் சன்னல், 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன மனிதர் கள்வர் கையில் சிக்குகிறார். குரு விலகிப் போகிறார், லேவியர் விலகிப் போகிறார். சமாரியர் அவரைச் சாவடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அதற்கு மேல் ஆதாமும் ஏவாளும் வருகிறார்கள். அந்த அம்மா பார்த்த தோட்டம் ஏதேன். அடிபட்டுக் கிடந்தவன் ஆதாம், அதாவது நாம் எல்லோரும், தூக்கியெடுத்தவர் கிறிஸ்து, சாவடி திருச்சபை. அக்கால மறையுரைகளில் வழங்கிய இந்த விளக்கத்தைக் கண்ணாடியில் படமாக வைத்துவிட்டார்கள். அதற்கெல்லாம் அடியில், பார்ப்பவர் கண்ணுக்குப் பக்கத்தில், செருப்புத் தைப்பவர்கள். வேறு சன்னல்களின் அடியில் ரொட்டி சுடுவோர், தச்சர், மென்மயிர்த் தோல் விற்போர், நாணயம் மாற்றுவோர் இருக்கிறார்கள். இவர்கள்தான் சன்னல்களுக்குப் பணம் கொடுத்தார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும், அரசர்களும் புனிதர்களும் நிற்கும் இடத்தில் உழைப்பவரின் கையும் கருவியும் இடம் பிடித்திருக்கின்றன. நம் மக்களுக்கு இதைக் காட்டாமல் வேறெதைக் காட்டப் போகிறோம்?

நாம் அங்கே அந்நியர்களும் அல்ல. வேளாங்கண்ணியில் நாம் கொண்டாடும் செப்டம்பர் 8, அன்னையின் பிறப்பு விழா, ஷார்த்ரிலும் பெருநாளாக இருந்தது. இடைக்காலத்தில் அன்னையின் திருநாள்களை ஒட்டி அங்கே சந்தைகள் கூடின. நடந்து வந்தவர்கள் கோயிலுக்குள்ளேயே படுத்து உறங்கினார்கள். நிலவறைக் கோயிலில் நோயாளிகள் ஒன்பது நாள் தங்கினார்கள். காளான் பற்றிய ரை தானியத்தில் செய்த ரொட்டியைத் தின்று, கைகால் நெருப்பாய் எரிந்து கருகும் நோய் வந்தவர்கள் அவர்கள். ஒன்பது நாள் என்றதும் நமக்கு நவநாள் நினைவு வராதா?

அவர்கள் தேடி வந்தது ஒரு துணியை. அன்னை மரியா உடுத்தியது என்று நம்பப்பட்ட அந்தத் திருப்பண்டத்தை 876-இல் மன்னர் வழுக்கைத் தலை சார்லஸ் கொடுத்ததாக மரபு. 1194 ஜூன் 10 அன்று ஊரும் கோயிலும் எரிந்தன. துணியும் போயிற்று என்று மக்கள் அழுதார்கள். அன்னை நம்மைக் கைவிட்டுவிட்டாள், இனி எதற்கு இந்த ஊர் என்று சோர்ந்தார்கள். மூன்றாம் நாள் நிலவறைக்குள்ளிருந்து அதைச் சேதமின்றி எடுத்து வந்தார்கள். அழுதவர்கள் கட்டத் தொடங்கினார்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்குள் கட்டடத்தின் பெரும்பகுதி எழுந்துவிட்டது. 1260-இல் மன்னர் ஒன்பதாம் லூயி காலத்தில் அர்ச்சிப்பு நடந்தது. மேல்வளைவின் உயரம் ஏறத்தாழ 37 மீட்டர். கட்டியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

சட்டை என்று நம்பி வந்த அந்தப் பண்டத்தை 1712-இல் பேழை திறந்து பார்த்தபோது, அது நீளமான பட்டுத் துணி என்று தெரிந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அதை வெட்டிப் பகிர்ந்துவிட்டார்கள். எஞ்சிய பகுதி பேராலயத்தில் இன்றும் வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் பஸ்ஸில் வந்தவர்களில் பலர் அதன் பக்கமே போகவில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அதே தீயில் தப்பியது இன்னொன்று. நீல அன்னை என்று நான் மனத்துக்குள் பெயர் வைத்திருக்கும் சன்னல். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'அழகிய கண்ணாடி அன்னை' என்கிறார்கள். அன்னையும் மடியில் குழந்தையும் உள்ள நடுப்பகுதி சுமார் 1180-இல் செய்தது. புதுக் கோயில் எழுந்தபோது சுற்றிலும் வானதூதர்களைச் சேர்த்து மறுபடி பதித்தார்கள். அன்னையின் ஆடையில் உள்ள நீலத்தைப் படத்தில் பிடிக்க முடியாது. மேகம் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. அடியில் கானாவூர்த் திருமணம் இருக்கிறது, தண்ணீர்ச் சாடிகளோடு. நம் ஊர் ஞாயிறு மறைக்கல்வி படித்த எந்தப் பிள்ளையும் இதைக் கண்டுபிடித்துவிடும். நின்று பார்க்க நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

ஏறத்தாழ 2,600 சதுர மீட்டர் கண்ணாடி அங்கே இருக்கிறது. இரு உலகப் போர்களிலும் அதைக் கழற்றி எடுத்துக் காப்பாற்றினார்கள். 1944 ஆகஸ்ட் 16 அன்று, கோபுரத்தில் ஜெர்மானியர் ஒளிந்திருக்கலாம் என்று அமெரிக்கப் படை பீரங்கியைத் திருப்பியிருந்தது. கர்னல் வெல்போர்ன் கிரிஃபித் என்பவர் தாமே உள்ளே போய்ப் பார்த்து, யாரும் இல்லை என்று சொல்லித் தாக்குதலை நிறுத்தினார். அன்றே பக்கத்து ஊரான லேவில் சுடப்பட்டு இறந்தார். அவர் காத்துக் கொடுத்ததைத்தான் நாம் கழிப்பறை நிறுத்தமாக ஆக்கியிருக்கிறோம். கடுமையாகச் சொல்கிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு சொல் வரவில்லை.

உங்கள் சிரமம் தெரியும். ஓட்டுநருக்கு ஓய்வு நேரச் சட்டம் இருக்கிறது, விடுதிக்குக் குறித்த வேளையில் போய்ச் சேர வேண்டும், ஒரு நாள் கூடினால் கட்டணம் கூடும். என்றாலும் பாரிசிலிருந்து ஷார்த்ர் 90 கிலோமீட்டர்தான். பாரிசில் கடைவீதிக்கு ஒதுக்கும் பகலை இங்கே தாருங்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமையாகப் பாருங்கள். தவக்காலம் முதல் புனிதர் அனைவர் பெருவிழா வரை வெள்ளிக்கிழமைகளில்தான் நாற்காலிகளை அகற்றி, தரையில் பதித்த சுற்றுப்பாதையைத் திறந்துவிடுகிறார்கள். குறுக்களவு 13 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடந்தால் கால் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிச் சுற்றி நடுவுக்குக் கொண்டுபோகும். செபமாலையோடு நடக்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

நடுப்பகலில் தெற்குச் சன்னல்களைப் பார்க்க வையுங்கள். மாலைச் சூரியன் இறங்கும்போது மேற்கே திருப்புங்கள். 12-ஆம் நூற்றாண்டின் மூன்று சன்னல்கள் அப்போதுதான் எரிய ஆரம்பிக்கும். வெளியே வந்ததும் மேற்கு வாயிலின் வலப்புறக் கதவுக்கு மேலே காட்டுங்கள். அங்கே இலக்கணம் ஒரு பெண்ணாகப் பிரம்போடு உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் இரண்டு மாணவர்கள். ஒருவன் மற்றவன் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறான். உடன் வரும் அருள்தந்தையர் இரண்டொரு சன்னல்களின் கதையையாவது முன்கூட்டியே படித்து வந்து தமிழில் சொல்லட்டும். பஸ்ஸில் நான்கு பைனாகுலர் இருந்தால் போதும், கை மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆம்பூர் அம்மாவுக்குச் சென்ற வாரம் தொலைபேசியில் ஏதேன் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த வருடமும் சீட்டுப் பணம் எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன். அந்தச் சன்னலுக்கு முன்னால் உட்கார விடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். அவர் சார்பில் உங்களைக் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பயணிகளில் ஒருவர்